புகலிடம் புகுவோர்

வேட்டையாடுவது குற்றம் என்பதை இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்காரனைத் துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்தது. ஆயினும் அவன் நடந்த தடத்தில் இன்று வேறொருவன் நடக்கின்றான். அவன் பெயர் பார்வையாளன். அவன் கையில் புகைப்படக் கருவி இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. அவன் எதனையும் கொல்வதில்லை. பார்க்கிறான், மகிழ்கிறான், திரும்புகிறான். அவனைக் குறை கூற என்ன இருக்கிறது என்று நாமும் இருந்து விடுகிறோம். பார்ப்பதிலும் பாவம் உண்டோ? சரணாலயம் ஒன்றினுள் காலடி வைப்பவனுக்குக் கட்டணம் செலுத்துவதற்கு மேலாகக் கடமை ஏதும் உண்டோ? ஈண்டு நாம் ஆராயப் புகும் வினா இதுவே.

இவ்வினா பசுமை செறிந்த மலைநாட்டைக் காட்டிலும் வறண்ட நிலத்திலேதான் கூர்மை பெறுகின்றது. மலைக்காட்டில் ஒரு மரத்தடியினின்று விரட்டப்பட்ட மான் அடுத்த மரத்தடிக்குச் செல்லும். ஓர் ஓடையை விட்டு எழுந்த பறவை மற்றோர் ஓடையில் இறங்கும். வறண்ட நிலத்தில் அடுத்த மரம் எங்கே? மற்றோர் ஓடை எங்கே? இருப்பது ஒரே நீர்நிலை. அதன் கரையில் ஒரு வரிசை மரம். அங்கிருந்து எழுப்பப்பட்ட உயிருக்குப் போக்கிடம் இல்லை. நிழல் அருகிய நாட்டில்தான் நிழலின் விலை தெரியும்.

கல்லங்குறிச்சியின் மண்ணும் கரைவெட்டியின் நீரும்

அரியலூர் நகரை அடுத்திருப்பது கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் நாடறிந்த ஊர். இவ்வூரின் பெயரை உலகெங்குமுள்ள நிலவியலாரும் அறிவர். இங்கே காணப்படும் சுண்ணாம்புப் பாறை அடுக்கிற்குக் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்றே அவர்கள் பெயரிட்டுள்ளனர். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இப்பகுதி கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகள் தலைமுறை தலைமுறையாக மடிந்து, படிந்து, இறுகிப் பாறையாயின. அந்தச் சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று வெட்டியெடுத்துச் சிமெண்டாக்கி நாம் வீடு கட்டுகிறோம். நம் சுவர்கள் ஒரு காலத்தில் வேறு உயிர்களின் வீடாயிருந்தவை! வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்குச் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. 1940 இல் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். நமக்கு முன்னே இம்மண்ணில் குடியிருந்தோர் எத்துணைப் பேர் என்பதற்கு இவை சான்று.

கடல் அகன்றபின் இது வானம் பார்த்த பூமியாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் விளையும், பொய்த்தால் காயும். இத்தகைய நிலத்தில் கல்லங்குறிச்சிக்குத் தெற்கே, அரியலூரிலிருந்து திருமானூர் செல்லும் பக்கத்தில் இருக்கிறது கரைவெட்டி ஏரி. வடகிழக்குப் பருவமழையும், காவிரி நீரைக் கொணரும் புள்ளம்பாடி வாய்க்காலும் இதனை நிரப்புகின்றன. 1999 ஆம் ஆண்டு, இப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 சனவரி இறுதியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இதுவும் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. ஊசிவால் வாத்தும், கிளுவையும், நாரையும், அரிவாள் மூக்கனும் இங்கே கூடுகின்றன. இவற்றுள் சிறப்புடைய விருந்தாளி வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத்து முதலிய உயர்நிலங்களில் பிறந்து, இமயத்தைக் கடந்து, இந்தச் சிற்றூர் ஏரியைத் தேடி வருகின்ற பறவை அது.

இதைக் காண மக்கள் வருகின்றனர். வரட்டும். எப்படி வருகின்றனர் என்பதே நம் கேள்வி.

பார்க்கச் சொல்லும் மறை

பார்வையைப் பழிப்பது நம் நோக்கமன்று. திருமறை மனிதனைப் பார்க்கத் தூண்டுகிறது. ஓரிடத்திலன்று, பலவிடங்களில் தூண்டுகிறது. ஒட்டகத்தின் படைப்பை நோக்குமாறு 'அல்காஷியா' அத்தியாயம் அழைக்கிறது. தலைக்கு மேலே சிறகை விரித்தும் குவித்தும் செல்லும் பறவைகளை 'அல்முல்க்' அத்தியாயம் சுட்டிக்காட்டுகிறது. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை ஆராயுமாறு 'அல்அன்கபூத்' அத்தியாயம் பணிக்கிறது. கல்லங்குறிச்சியின் சிப்பிப் பாறையைக் கையிலெடுத்துச் சிந்திப்பவன் இக்கட்டளையை நிறைவேற்றுபவனே. ஆகவே காட்டையும் ஏரியையும் காணச் செல்லும் பயணம் வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் தக்கதன்று. நல்லெண்ணத்தோடு செய்யின் அது வணக்கமாகவும் ஆகும்.

ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. 'அல்முல்க்' அத்தியாயம் பறவையைக் காட்டும்போது கூண்டிலோ கையிலோ வைத்துக் காட்டவில்லை. தலைக்கு மேல், தன் தொழிலில் தான் ஈடுபட்டிருக்கும் நிலையில் காட்டுகிறது. பார்ப்பவன் கீழே, தொலைவில் நிற்கிறான். பறவை பறப்பதற்கு அவன் காரணமல்லன். தானே பறக்கும் பறவையில் இறைவனின் ஆற்றல் தெரியும். நம் கைதட்டலுக்கு அஞ்சிப் பறக்கும் பறவையில் நம் அடாவடியே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. 'அல்அன்ஆம்' அத்தியாயம் நிலத்தில் நடக்கும் உயிர்களையும் சிறகால் பறக்கும் உயிர்களையும் நம்மைப் போன்ற சமுதாயங்கள் என்றே குறிக்கிறது. 'உமம்' என்பது அச்சொல். 'உம்மத்' என்று நாம் நம்மைப் பெருமையுடன் அழைத்துக் கொள்கிறோமே, அதன் பன்மையே அது. பறவைக் கூட்டம் ஓர் உம்மத்தானால், அது தங்குமிடம் ஒரு குடியிருப்பு. பிறர் குடியிருப்பில் நுழைவோர்க்கு இசுலாம் கற்பிக்கும் ஒழுக்கம் யாது? அனுமதி கேள், சலாம் சொல், மறுத்தால் திரும்பிப் போ என்பதன்றோ! 'அந்நூர்' அத்தியாயம் இதனை விரிவாகக் கூறும். அனுமதி கேட்கும் விதி ஏன் ஏற்பட்டது என்பதை ஒரு நபிமொழி விளக்குகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறையினுள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்துவிட்டார். அவரைக் கண்டித்த பெருமானார், அனுமதி பெறும் விதி வகுக்கப்பட்டதே கண்ணின் பொருட்டுத்தான் என்றார்கள். எட்டிப் பார்த்தவர் எதையும் திருடவில்லை, யாரையும் தொடவில்லை, பார்த்தார், அவ்வளவே. அப்பார்வையே அத்துமீறலாயிற்று. எனவே, நான் பார்க்க மட்டுந்தானே செய்தேன் என்ற விடை எப்போதும் தப்புவிக்கும் விடையாகாது.

நிழலில் படுத்த மான்

மக்கா நகரின் புனித எல்லையில் வேட்டையாடல் விலக்கப்பட்டது என்பதை அனைவரும் அறிவோம். நபிகள் நாயகம் (ஸல்) மக்கா வெற்றியின்போது அந்நகரின் சிறப்பை எடுத்துரைத்தார்கள். அங்குள்ள முள்ளை வெட்டலாகாது, பிறர் தவறவிட்ட பொருளைத் தனதாக்கிக் கொள்ளலாகாது என்பவற்றோடு, அங்குள்ள வேட்டைப் பிராணியைக் 'கலைக்க'லாகாது என்றும் கட்டளையிட்டார்கள். 'தன்ஃபீர்' என்பது மூலச்சொல். கொல்லாதே என்று சொல்லியிருந்தாலே போதுமே, கலைக்காதே என்று ஏன் சொல்ல வேண்டும்? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவரான இக்ரிமா (ரஹ்) இதற்குத் தந்த விளக்கத்தை இமாம் புகாரி (ரஹ்) தம் நூலில் பதிவு செய்துள்ளார்கள். நிழலில் இருக்கும் பிராணியை அங்கிருந்து அகற்றிவிட்டு, அவ்விடத்தில் நீ இறங்கித் தங்குவதே கலைத்தல் என்பது அவ்விளக்கம்.

இதனைச் சற்று ஆழ்ந்து நோக்குக. கொதிக்கும் பாலையில் களைத்து வந்த பயணி ஒருவன். அவன் கண்ணெதிரே ஒரே ஒரு நிழல். அதில் ஒரு மான் படுத்திருக்கிறது. அவன் அதனைக் கொல்லப் போவதில்லை, கல்லெறியப் போவதில்லை. சற்று நகர்த்திவிட்டு அமரப் போகிறான். அதுவே குற்றம் என்கிறது சட்டம். அந்நிழல் முதலில் வந்த மானின் உரிமை. இமாம் நவவி (ரஹ்) இன்னும் ஒருபடி மேலே சென்று விளக்குகிறார்கள். கலைக்கப்பட்ட பிராணிக்கு ஒன்றும் நேராவிடினும் கலைத்தவன் பாவியாவான். அச்சம் தணியுமுன் அவ்வோட்டத்திலேயே அது மாண்டு போனால், அவன் ஈடு செலுத்தவும் கடமைப்படுவான் என்பது அவர்கள் முடிவு. சாவுக்கு மட்டுமன்று, அச்சத்திற்கும் கணக்குண்டு என்பது இதனால் விளங்கும்.

இன்னொரு நிகழ்ச்சி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் 'முவத்தா'வில் உள்ளது. பெருமானார் (ஸல்) இஹ்ராம் உடுத்தித் தோழர்களுடன் மக்கா நோக்கிச் செல்கிறார்கள். வழியில் ஒரு மான் நிழலில் சுருண்டு படுத்திருக்கிறது. அதன் உடலில் எவரோ எய்த அம்பு தைத்திருக்கிறது. பெருந்திரளான மக்கள் அவ்வழியே கடந்தாக வேண்டும். அப்போது பெருமானார் என்ன செய்தார்கள்? ஒரு மனிதரை அழைத்து, மக்கள் யாவரும் கடந்து செல்லும்வரை அந்த மானருகே நிற்குமாறும், எவரும் அதற்குத் தொல்லை தராதவாறு பார்த்துக் கொள்ளுமாறும் பணித்தார்கள். ஒரே ஒரு மான். அதுவும் அடிபட்ட மான். அதன் ஓய்வுக்கு ஒரு காவலர்! பயணக்கூட்டம் தன் வழியே போயிற்று. மான் தன் நிழலிலேயே இருந்தது. சரணாலயக் காவலர் என்போர் யார், பார்வையாளர் என்போர் எவ்வாறு கடந்து செல்ல வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' பாடினார். வேடன் வலையில் சிக்கிய பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர விடை கேட்க, நாயகம் (ஸல்) அதற்குப் பிணை நின்ற கதை அது. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என்று நபிமொழிக் கலை வல்லார் சிலர் உரைப்பர். அஃது எவ்வாறாயினும், தமிழ் முசுலிம்கள் தலைமுறை தலைமுறையாக அப்படலத்தைக் கேட்டுக் கண்ணீர் மல்கினர். அக்கண்ணீர் ஏட்டில் வரும் மானோடு நின்றுவிடலாகாது.

ஈண்டு மார்க்கம் கற்றோர் ஒரு தடை எழுப்பக்கூடும். மக்காவின் எல்லைக்கும் இஹ்ராம் உடுத்தியவர்க்கும் உரிய சட்டத்தைக் கரைவெட்டி ஏரிக்கு எவ்வாறு பொருத்துவது? தடை நியாயமானதே. கரைவெட்டி மக்கா ஆகிவிடாது. அங்கே பறவையைக் கலைத்தவன் ஹரமின் பரிகாரம் செலுத்த வேண்டும் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. சட்டத்தின் எல்லை வேறு. சட்டம் கற்பிக்கும் பண்பு வேறு. இஹ்ராமில் சில நாள் பயின்ற அடக்கம் இஹ்ராமைக் களைந்ததும் கழன்று விழுவதற்காகவா கற்பிக்கப்பட்டது? மேலும், தேவையின்றி உயிர்களை வருத்துவது எந்த இடத்திலும் விலக்கப்பட்டதே. குஞ்சுகளை எடுத்துவிட்டமையால் ஒரு தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தபோது, அதனை வருத்தியது யார் என வினவி, குஞ்சுகளைத் திரும்ப வைக்கச் செய்தார்கள் நபிகள் (ஸல்). அது நிகழ்ந்தது ஒரு பயணத்தின் இடைவழியில். மக்காவின் எல்லையில் அன்று.

அச்சத்தின் விலை

ஒரு பறவை அஞ்சி எழுந்து பறந்து மீண்டும் அமர்வதில் என்ன கேடு வந்துவிடும் என்று சிலர் கேட்பர். வரித்தலை வாத்தின் வாழ்வை நோக்கினால் விடை கிடைக்கும். இமயத்தைக் கடக்கையில் அது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தமை பதிவாகியுள்ளது. மூச்சுக் காற்றே அரிதான உயரம் அது. அவ்வாறு வந்த பறவை இங்கே தங்கும் சில மாதங்களில் இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: இழந்த வலிமையை மீட்க வேண்டும், திரும்பும் பயணத்திற்கான கொழுப்பை உடலில் சேர்க்க வேண்டும். மேய்ச்சலும் ஓய்வுமே அதன் சேமிப்பு. ஒவ்வொரு முறை அது வீணே எழுப்பப்படும்போதும் அச்சேமிப்பிலிருந்து ஒரு பகுதி செலவாகிறது. காலையில் ஒரு கூட்டம், நண்பகலில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம் என எழுப்பிக் கொண்டேயிருந்தால் என்னவாகும்? கூட்டில் முட்டையோடு இருக்கும் பறவையானால் கேடு இன்னும் விரைவானது. தாய் எழுந்த அந்தச் சில நிமிடங்களே காகத்திற்கும் கடுவெயிலுக்கும் போதும்.

இதனை நம் நாட்டுச் சிற்றூர் மக்கள் நூல் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தனர். வறட்சிக்குப் பெயர்போன சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூருக்கு அருகே கொள்ளுக்குடிப்பட்டி என்றோர் ஊர். அங்குள்ள வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977 இல் பறவைகள் சரணாலயமாயின. தீபாவளித் திருநாளில் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. பறவைகள் அஞ்சும் என்பதே காரணம். ஊர்ப்பிள்ளைகள் தம் ஆசையை அடக்கிக் கொள்கின்றனர். வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கி நன்றி பாராட்டுகின்றனர். செங்கற்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் மக்களோ, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியராயிருந்த லயோனல் பிளேஸிடம் தம் ஏரிப்பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் கண்ட உண்மை. இம்மக்கள் 'தன்ஃபீர்' என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதன் பொருளை அவர்களினும் நன்கறிந்தோர் யார்? அறத்தைத் தன் ஊருக்கு மட்டும் உரியதென்று எவரும் எழுதி வைத்துக் கொள்ள முடியாது.

வேலிக்கு வெளியே நிற்பவன்

பறவையின் உரிமையைப் பேசுவோர் பலர் மனிதனின் உரிமையை மறந்து விடுகின்றனர். வறண்ட நிலத்தில் ஓர் ஏரி பறவைக்கு மட்டும் உயிராதாரமன்று. அதன் பாசனத்தில் நெல் விளைவிக்கும் உழவனுக்கும், கரையில் நாலு ஆடு மேய்க்கும் ஏழைக்கும் அதுவே கதி. சரணாலயம் அறிவிக்கப்படுமுன்பே அவர்கள் அங்கிருந்தனர். காப்பிடம் ஒன்றை அமைக்கும்போது வேலிக்கு வெளியே நிறுத்தப்படுவோர் யார்?

இசுலாமிய வரலாற்றில் 'ஹிமா' என்றோர் அமைப்பு உண்டு. பொதுநலன் கருதி அரசு ஒதுக்கிக் காக்கும் மேய்ச்சல் நிலம் அது. அறியாமைக் காலத்துத் தலைவர்கள் தமக்கென வளமான நிலங்களை வளைத்துக் கொண்டனர். அவ்வழக்கை ஒழித்த நபிகள் நாயகம் (ஸல்), அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே ஹிமா உரியது என்று அறிவித்தார்கள். தனியொருவனின் இன்பத்துக்காகப் பொதுநிலத்தை அடைத்தல் கூடாது என்பது இதன் கருத்து. கலீஃபா உமர் (ரலி) ரபதா முதலிய இடங்களை ஹிமாவாக்கினார்கள். ஹுனை என்பவரை அதன் காவலராக்கி அவர்கள் கூறிய அறிவுரை புகாரி நூலில் உள்ளது. அதன் சாரம் வருமாறு: மக்களிடம் மென்மையாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டுக்கு அஞ்சு, சிறு மந்தையுடையோரை உள்ளே விடு, இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளுக்கு இடந்தராதே. செல்வரின் கால்நடை அழிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என் வாயிலில் வந்து நிற்பான். அவனை நான் கைவிட முடியுமா? அந்நிலம் அம்மக்களின் நிலமே என்பதையும், பொதுத்தேவை இல்லையேல் அதில் ஒரு சாண் அளவும் தாம் ஒதுக்கியிருக்க மாட்டோம் என்பதையும் கலீஃபா சேர்த்தே கூறினார்கள். இப்னு அவ்ஃபும் இப்னு அஃப்பானும் சாதாரணச் செல்வர்களா? சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் இருவர்! அவர்களுக்கே கதவு அடைபட்டது. பெயரற்ற ஏழைக்குத் திறந்தது.

இவ்வறிவுரைக்கு மாறாக நடந்ததன் விளைவை வடநாட்டில் கண்டோம். இராசத்தானத்தின் பரத்பூர் ஏரி மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. பின்னர் அவ்விடம் காப்பிடமாகி, 1982 இல் தேசியப் பூங்காவாயிற்று. நல்ல மாற்றமே. ஆனால் உடனே அங்கே எருமை மேய்ச்சல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்தனர்; காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் பலியாயின. அதன்பின் நேர்ந்ததுதான் வியப்பு. எருமைகள் மேயாத ஏரியில் புல்லும் களையும் மண்டி நீரை மூடின. பறவைகளுக்கு இடம் குறைந்தது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு இதனை உறுதி செய்தது. ஏழையை வெளியேற்றியது பறவைக்கும் நன்மை தரவில்லை! எல்லாக் காட்டிலும் மேய்ச்சல் நன்மை என்பது இதன் பொருளன்று. விசாரியாமல் எளியவனையே முதலில் விரட்டும் பழக்கம் அறமும் அன்று, அறிவும் அன்று என்பதே பொருள்.

இன்றைய நம் காப்பிடங்களை உமர் (ரலி) அவர்களின் அளவுகோலால் அளந்து பார்ப்போம். விறகு பொறுக்க வரும் கிழவியும் ஆடு மேய்க்கும் சிறுவனும் வாயிலில் தடுக்கப்படுகின்றனர். மகிழுந்தில் வருபவன் கட்டணச் சீட்டைக் காட்டி உள்ளே போகிறான். அவனுக்கு வேறு தோட்டமும் உண்டு, வேறு பொழுதுபோக்கும் உண்டு. இவர்களுக்கு வேறொன்றுமில்லை. ஹுனை காத்த வாயிலில் நடந்ததற்கு நேர் மாறானதன்றோ இது! எனவே காப்பிடத்தில் புகும் பார்வையாளன் தன்னை ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: என் பொருட்டு வெளியே நிறுத்தப்பட்டவன் யார்?

இரண்டு மறுப்புகள்

இனி இரண்டு மறுப்புகளுக்கு விடை காண வேண்டும். பூமியிலுள்ள அனைத்தும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்று மறையே கூறும்போது இத்துணைத் தயக்கம் எதற்கு என்பது முதலாவது. 'அல்பகரா'வின் அவ்வசனத்தை நாம் மறுக்கவில்லை. அதே மறையின் 'அர்ரஹ்மான்' அத்தியாயம், பூமி படைப்பினங்களுக்காக விரிக்கப்பட்டது என்பதையும் நினைவூட்டுகிறது. நமக்கானது என்பதால் நமக்கு மட்டுமே ஆனது என்று ஆகிவிடாது. பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த இக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள், விலங்குகள் எல்லாம் சின்களின் அரசனிடம் சென்று மனிதன்மீது வழக்குத் தொடுப்பதாக ஒரு நெடிய நூல் இயற்றினர். நாங்கள் எசமானர்கள், இவை எங்கள் அடிமைகள் என்று மனிதர் வாதிட, ஆதாரம் எங்கே என்று விலங்குகள் கேட்கும் கேள்விகள் இன்றும் நம் தலையைக் கவிழச் செய்வன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) மனிதன்மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டார். மூப்பாலோ நோயாலோ பயனற்றுப் போன கால்நடைக்கும் தீனியிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயன் முடிந்தபின்னும் உரிமை முடிவதில்லை என்றால், உரிமை பயனிலிருந்து பிறந்ததன்று என்பது தெளிவு.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலிமையானது. பார்வையாளர் வராவிடில் காப்பிடங்களுக்கு வருவாய் ஏது? கண்ணால் காணாததன்மீது அன்பு பிறப்பதெங்ஙனம்? அன்பு பிறவாவிடில் காப்பாற்றுவோர் யார்? இம்மறுப்பில் உண்மை உண்டு. 2012 சூலையில் புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்தில் சுற்றுலாவையே உச்சநீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்து வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் நெறிமுறைகள் வகுக்கப்பட்டபின் தடையை நீக்கியது. முற்றாக அடைப்பதும் முற்றாகத் திறப்பதும் அல்லாத நடுவழி அது. நம் சட்ட நூலார் கூறும் விதியும் இதுவே: தேவைக்காக அனுமதிக்கப்பட்டது அத்தேவையின் அளவோடு நிற்கும். அன்பு பிறப்பதற்காகப் பார்க்க அனுமதி என்றால், அன்பைக் கொல்லும் முறையில் பார்க்க அனுமதியில்லை. பறவையை எழுப்பிப் படமெடுத்து வந்து, இயற்கையின்மீது எனக்குக் காதல் என்று சொல்பவன், தன் படத்தைக் காதலிக்கிறான், பறவையையன்று.

கைக்கெட்டிய சோதனை

'அல்மாயிதா' அத்தியாயத்தில் ஒரு வசனம் உண்டு. இஹ்ராமிலிருக்கும் நம்பிக்கையாளர்களைக் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தொலைவில் வேட்டைப் பிராணிகளை வரச் செய்து இறைவன் சோதிப்பான் என்பது அதன் கருத்து. ஹுதைபியா ஆண்டில் அவ்வாறே அவை கூடாரங்களினூடே வந்தன என்று விரிவுரையாளர் சிலர் கூறுவர். மறைவில் இறைவனுக்கு அஞ்சுபவர் யார் என்பதை வெளிப்படுத்தவே அச்சோதனை. எட்டாத பொருளைத் தொடாதிருப்பதில் பெருமையில்லை. எட்டியதைத் தொடாதிருப்பதே தக்வா. காவலர் பார்க்காத நேரத்தில், கரையோரப் புதரில் கூடு தெரியும்போது, இன்னும் நான்கு அடி நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்னும் போது, நம் கை என்ன செய்கிறது? நம் காலத்து ஈட்டி அதுவே; நம் காலத்துச் சோதனையும் அதுவே.

ஆகவே, புகலிடம் புகுவோர் சில ஒழுக்கங்களை மேற்கொள்ளல் வேண்டும். புகும்போது, இது பிறர் இல்லம் என்ற எண்ணத்தோடு புகுக. குரலைத் தாழ்த்துக, வாகனத்தின் ஒலிப்பானையும் கைப்பேசியின் பாட்டையும் வெளியே விடுக. உயிர்கள் நம்மை நோக்கித் தலை நிமிர்த்தினால், அதுவே அவை சொல்லும் மறுப்பு எனக் கொண்டு பின்வாங்குக. கூடுள்ள மரத்தை அணுகற்க. பிள்ளைகளை அழைத்துச் செல்க. கல்லெறியாதிருக்கக் கற்பிப்பதைக் காட்டிலும், அசையாதிருந்து பார்க்கக் கற்பிக்க. காவலர்க்கும் கரையில் வாழும் ஊரார்க்கும் சலாமும் நன்றியும் கூறுக. அவர்களின் பொறுமையால்தான் அந்தக் காட்சி நமக்குக் கிட்டிற்று.

இறுதியாக ஒன்று. மழை பொய்த்த ஆண்டில், அல்லது கோடையில், கரைவெட்டிக்குச் செல்பவன் வறண்ட தரையையும் வெறும் வானத்தையும் மட்டுமே காணக்கூடும். இவ்வளவு தொலைவு வந்தும் ஒன்றுமில்லையே என்று சலித்துக் கொள்வோர் உண்டு. நமக்காக அப்பறவைகள் வரவில்லை. நமக்காக அவை தங்கவுமில்லை. அவற்றின் வரவும் போக்கும் நம் விடுமுறை நாளைப் பார்த்து அமைவன அல்ல. அனுமதி கிடைக்காவிடில் திரும்பிச் செல்லுதலே உங்களுக்குத் தூய்மையானது என்று வீட்டு வாயிலில் நிற்பவனுக்கு மறை கற்பித்த பாடம், ஏரிக்கரையில் நிற்பவனுக்கும் பொருந்தும். வெறுங்கண்ணோடு திரும்பியவனும், அடுத்த பருவத்தில் அவ்வேரி நிறைய வேண்டும், அவை மீண்டும் வரவேண்டும் என்று இறைஞ்சினால், அவன் பயணம் வீண் போகவில்லை.

பிறர் நிழலை நாம் பறிக்காதிருக்கவும், நிழலே இல்லாத அந்த மறுமை நாளில் தன் நிழலை நமக்கு அருளவும் வல்ல நாயன் துணை புரிவானாக! ஆமீன்.